அக்கா சொல்லாமல் விட்ட வரி

நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். பேதுருவின் உடன்பிறந்தவர். கலிலேயாவில் வலை வீசிக்கொண்டிருந்தபோது இயேசு கூப்பிட, வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனவர். மீன்பிடிக்கிற எங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. 2017-இல் அந்தத் திருநாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில்தான் குமரிக்கடலில் இருந்த காற்றழுத்தம் ஒக்கி என்ற புயலாக மாறியது. கோட்டாறு சவேரியார் கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. 1544-இல் இந்தக் கடற்கரையோரமாக நடந்து வந்து எங்கள் முன்னோருக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே சவேரியார். டிசம்பர் 3 அவருடைய திருநாள். அந்த வருடம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதே நாளில்தான் வந்தது. இத்தனை புனிதர்களும் திருநாட்களும் சூழ்ந்து நின்ற ஒரு வாரத்தில் எங்கள் பிள்ளைகள் கடலில் போனார்கள். போனார்கள் என்று வாய்விட்டுச் சொல்வதற்கே எங்கள் வீட்டில் ரொம்ப காலம் பிடித்தது.

நீரோடி முதல் இரயுமன்துறை வரை வரிசையாகக் கிடக்கும் எட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், இடையில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், ஊருக்கு ஊர் ஒரு கோயில். ஆழ்கடல் தொழில்தான் எங்கள் ஆட்களின் அடையாளம். கொச்சியில் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேராகக் கிளம்பினால், திரும்ப ஒரு மாதமாகும், சில நேரம் அதற்கும் மேலாகும். சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். போட்டில் வயர்லெஸ் உண்டு. ஆனால் கரையிலிருந்து ஒரு தூரம் கடந்துவிட்டால் பக்கத்துப் போட்டோடு பேசத்தான் அது உதவும். அப்போது பெரும்பாலான போட்டுகளில் சேட்டிலைட் போன் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தபோது, அது யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்தச் சத்தம் எட்டாத தொலைவில் இருந்தார்கள்.

என் அக்காவின் மூத்த மகன் அப்படி ஒரு போட்டில் இருந்தான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, கடல் ஏறியது. பறவைகள் தாழ்ந்து சுற்றுவதைப் பார்த்தே அடியில் என்ன மீன் என்று சொல்லிவிடுவான் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். கொச்சியிலிருந்து கிளம்புமுன் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான்: "மாமா, கிறிஸ்துமஸுக்கு வந்துருவேன். புல்கூட்டுக்கு மூங்கில் வெட்டிப் போட்டு வையுங்க." நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சனிக்கிழமை பார்த்து மூங்கில் வெட்டி அக்கா வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஊரில் ஓடு நிற்கவில்லை, தென்னை நிற்கவில்லை. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர் இருண்டது, போன் வேலை செய்யவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு ஒரே நாளில் காற்று அடங்கிவிட்டது. புயலோ மேற்கே திரும்பி லட்சத்தீவை நோக்கிப் போனது, இன்னும் பலமாக, எங்கள் போட்டுகள் இருந்த பக்கமாக.

அதற்குப் பிறகான நாட்களைத் தகவல்களின் நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் நம்ம போட்டுகள் ஒதுங்கியிருக்காம். லட்சத்தீவில் ஆட்கள் இருக்காங்களாம். குஜராத்தில் சிலர் கரை ஏறியிருக்காங்களாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கூட்டம் கோயில் முற்றத்துக்கு ஓடும். பங்குத்தந்தையும் இளைஞர்களும் ஒரு நீள நோட்டில் வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். திரும்பியவர்களுக்கு ஒரு பக்கம், தகவல் இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம். அரசாங்கம் சொன்ன எண்ணிக்கையும் அந்த நோட்டின் எண்ணிக்கையும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தேடுவதற்கு ஆள் வரட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, புயலில் தப்பித்துக் கரையேறிய பையன்களே மறுபடி போட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். மிதந்து கிடந்த உடல்களில் சிலவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

எங்கள் பையன் போன போட்டோடு வயர்லெஸில் பேசிய இன்னொரு போட்டை ஓட்டிய ஸ்ராங்கு உயிரோடு வந்தார். வியாழக்கிழமை ராத்திரி கடைசியாகச் சத்தம் கேட்டதாம். தண்ணீர் ஏறுகிறது, இறைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்களாம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவர் இதைச் சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உயிரோடு வந்ததற்காக அந்த மனிதர் எங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றதை இன்றும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

திருவருகைக் காலம் என்றால் காத்திருக்கும் காலம். கோயிலில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரியாக ஏற்றுவோம், வரப்போகிறவருக்காகத் தயாராவோம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட பிரசங்கம். அந்த வருடம்தான் காத்திருப்பது என்றால் என்ன என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா எழுந்துவிடுவாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஒன்றாகிவிட்டன. கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் தெருவில் நட்சத்திரம் தொங்கவில்லை, புல்கூடு கட்டவில்லை. மூங்கில் முற்றத்திலேயே கிடந்து காய்ந்தது.

அப்போதுதான் விளக்கம் சொல்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

வெளியூரிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது. உங்கள் ஊரின் குடியும் சிலை வணக்கமும்தான் இதற்குக் காரணம், மனந்திரும்புங்கள் என்றார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கையில் வேதப்புத்தகத்தோடு. நல்ல பிள்ளைகளைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார் தூரத்து உறவினர் ஒருவர். அப்படியானால் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எல்லாம் யார்? இது சோதனை, பொன்னைப் புடமிடுவது போல என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்தான், கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார். ஒரு தாயைப் புடமிடுவதற்காக அவள் பெற்ற பிள்ளையை எரிக்கிற கடவுளை நான் எப்படிக் கும்பிடுவது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. என் விசுவாசத்துக்குள் இருந்துதான் அந்தக் கேள்வி வந்தது, வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடவில்லை. இயேசுவைத் தெரிந்தவனுக்குத்தான் அப்படிப்பட்ட கடவுளை ஏற்க முடியாது.

பேசாமல் வந்தவர்களும் உண்டு. மேலத்தெருவில் ஒரு பாட்டி, பல வருடங்களுக்கு முன் கட்டுமரத்தில் போன கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். தினமும் காலையில் வருவாள். அடுப்பைப் பற்றவைப்பாள். கஞ்சி வைத்து, சுட்ட கருவாட்டைக் கிள்ளிப் போட்டு, அக்கா முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அக்கா குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பதினோரு மணி வாக்கில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் சோறு பொங்கி எடுத்து வந்தன. அவர்களும் தேங்காய் உடைத்துத் துருவிக் கொடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்தார்களே தவிர, யாரும் கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று பேசவில்லை.

'கடவுளின் சித்தம்' என்று சொல்லிவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நான் அந்த நாட்களில் கண்ணால் பார்த்தேன். எச்சரிக்கை நேரத்துக்குச் சேராதது கடவுளின் சித்தமா? நாற்பது நாள் கடலில் கிடக்கிறவனுக்குக் கரையோடு பேச ஒரு கருவி இல்லாதது கடவுளின் சித்தமா? தேடல் தாமதமானது யாருடைய சித்தம்? மனிதர்கள் செய்யத் தவறியதையெல்லாம் தூக்கிக் கடவுள் தலையில் வைத்துவிட்டால், தவறியவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி எங்கள் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து துயர மறைபொருள்களையும் முடித்துவிட்டு முழக்கம் போடுவார்கள், பிறகு மறுபடி செபமாலை. அந்தத் தண்டவாளத்தில் செபமும் போராட்டமும் எனக்கு இரண்டாகத் தெரியவில்லை. ஆண்டவரே எழுந்தருளும், ஏன் தூங்குகிறீர் என்று கடவுளையே தட்டி எழுப்புகிற திருப்பாடல்களைச் சொல்லி வளர்ந்த ஜனம், அதிகாரியைத் தட்டி எழுப்பத் தயங்குமா?

கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களைக் கோழிக்கோடு பக்கம் பிணவறைகளில் வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. பல நாள் கடலில் கிடந்தவை, முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைக்கு அக்காவின் ரத்தத்தை எடுத்தார்கள். விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்னிடம் கேட்டாள்: "லே தம்பி, ஒத்துப்போகணும்ன்னு செபிக்கட்டா, ஒத்துப்போகக் கூடாதுன்னு செபிக்கட்டா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதில் தெரிந்த இறையியலாளர் உலகத்தில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒத்துப்போகவில்லை. அவன் கிடைக்கவே இல்லை.

உடல் இல்லாத சாவில் ஒவ்வொரு சடங்கும் பாதியில் நிற்கும். கல்லறை இல்லை. நாற்பத்தொன்றாம் நாள் அடியந்திரம் என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டப்படி காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு வருடம் பொறுக்க வேண்டும். ஒக்கியில் போனவர்களுக்கு அந்த வழியை விட்டு நிவாரணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், அதற்குக் குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். தாளை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தே இருந்தாள். கையெழுத்துப் போட்டால் அவன் செத்தான் என்று அவள் சொன்ன மாதிரி. போடாவிட்டால் வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் பட்டினி. அவளுக்குப் பதிலாக அத்தான் போட்டார். அதற்காக அக்கா அவரிடம் பல மாதம் சரியாகப் பேசவில்லை.

யோபுவின் புத்தகத்தைப் படித்துக்காட்டச் சொன்னது அவள்தான். பெரியவர்கள் யாராவது வந்தால் யோபுவின் பொறுமை என்று தவறாமல் சொல்வார்கள். "அது என்ன பொறும, முழுசாப் படி பாப்போம்" என்றாள். ராத்திரியில் ஓர் அதிகாரம், தெம்பிருந்தால் இரண்டு. நாற்பத்திரண்டு அதிகாரத்தில் பொறுமையான யோபு முதல் இரண்டோடு முடிந்துவிடுகிறார். மூன்றாவதில் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறவர் பிறகு முப்பத்தொன்றாம் அதிகாரம் வரை கடவுளோடு வழக்காடுகிறார். அக்கா அசந்துபோனாள். "இப்பிடியெல்லாமா வேதத்துல எழுதியிருக்கு? ஏன் ஒருத்தரும் கோயில்ல இதப் படிக்கல்ல?" யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கும் இடம் வந்தபோது, "நம்ம பாட்டி மாதிரி" என்றாள். அவர்கள் வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும், அவர்கள் பேசும் அதிகாரங்களை மட்டும் தள்ளிவிட்டுப் படிக்கச் சொன்னாள்.

முப்பத்தெட்டாம் அதிகாரத்தைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் கடவுள் பேசுவது சூறாவளியின் நடுவிலிருந்து. கடலுக்குக் கதவு போட்டு நிறுத்தியது யார் என்று யோபுவைக் கேட்கிறார். புயலில் பிள்ளையைக் கொடுத்தவளிடம் இதை எப்படி வாசிப்பது? அவள் விடவில்லை. வாசித்து முடித்ததும் ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: "சூறாவளிக்க உள்ள இருந்துதான் பேசினாருன்னா, அன்னைக்கி அங்க இருந்திருக்காரு. எனக்க பிள்ளையிட்டயும் என்னமும் பேசியிருப்பாராக்கும்." அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா, குற்றச்சாட்டாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குள் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்கள்மீது கோபப்படுகிறார். தம்மைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் தோற்றார்கள், கடவுளோடு வாதாடியவர் ஜெயித்தார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதன்பிறகு யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது, புதிதாக ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள் என்று வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "மொதல்ல செத்த பத்துப் பிள்ளையளுக்க பேரு எங்க எழுதியிருக்கு?" எங்கும் எழுதியிருக்கவில்லை. புதிதாகப் பிறந்த மூன்று பெண்களுக்கு மட்டும் பெயர் இருக்கிறது. "அப்போ இத ஒரு பெத்தவ எழுதல்ல" என்றாள். மேசையிலிருந்து என் பென்சிலை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தன் மகன் பெயரை எழுதினாள். அந்த விவிலியம் இப்போதும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு யோபு புதியவர் அல்ல. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியில் இருந்தவர், தொடர்ந்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதைதான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு அவர் துன்பம் குறையவில்லை, பெருகியது. கைது, அடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. கோட்டாறு சவேரியார் கோயிலில்தான் அவர் கல்லறை இருக்கிறது. 2022-இல் உரோமையில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். விசுவாசித்தால் கஷ்டம் தீரும் என்று மேடைபோட்டுச் சொல்கிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் காலூன்றும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். இந்த மண்ணில் விசுவாசம் ஒருநாளும் அப்படி வியாபாரமாக வந்ததில்லை.

2018-இல் பெரிய வெள்ளி மார்ச் 30. எங்கள் பக்கத்தில் அன்று மாலை, பாடுகளின் வழிபாடு முடிந்ததும், சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் சுரூபத்தை ஆசந்தியில் கிடத்துவார்கள். மல்லிகையும் சாமந்தியும் வாழைப்பூவின் நிறத்தில் ஒரு பட்டும். ஜனங்கள் வரிசையில் வந்து பாதத்தை முத்தி செய்துவிட்டுப் போவார்கள். பழைய மரச் சுரூபம், முழங்கால் காயத்தில் வண்ணம் உரிந்து மரம் தெரியும், எத்தனையோ தலைமுறையின் உதடு பட்டு வலது பாதத்தின் விரல்கள் மழுங்கியிருக்கும்.

அக்கா பாதத்தருகே நிற்கவில்லை. தலைப்பக்கம் போனாள். வலது கையால் சுரூபத்தின் தலைமுடியை ஒதுக்குவது போல நெற்றியைத் தடவினாள். பிறகு கன்னம், தோள், ஆணி அடித்த கை. குளிப்பாட்டிக் கிடத்திய பிள்ளையின் உடம்பில் ஒரு தாய் எங்கெல்லாம் தொடுவாளோ அங்கெல்லாம் தொட்டாள். "எனக்க மக்களே" என்று ஆரம்பித்தாள். நாலு மாதமாக அவள் வாயிலிருந்து வராத ஒப்பாரி. அவன் சின்ன வயதில் நண்டு பிடித்தது, அவனுக்குப் புளிமீன் பிடிக்கும் என்பது, மஞ்சள் சட்டை, எல்லாம் வந்தது. வரிசையில் நின்ற இன்னொரு தாய் வந்து ஆசந்தியின் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு இளம் விதவை. பிறகு எத்தனை பேர் என்று தெரியவில்லை. எல்லோரும் உடல் கிடைக்காத வீட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் அவளவள் ஆளின் பெயரைச் சொல்லி அந்த ஒரே உடம்பின்மேல் அழுதார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் அவர்களை நகர்த்த முன்னால் வந்தான். பங்குத்தந்தை கை காட்டித் தடுத்தார். பவனி கிளம்ப வேண்டிய நேரம் கடந்து வெகுநேரமாயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை.

சிலுவையைப் பற்றி நான் படித்த எதுவும், கேட்ட எந்தத் தியான உரையும் அந்த மாலை எனக்குக் காட்டியதைக் காட்டவில்லை. கடவுள் நம் துன்பத்தில் பங்கெடுத்தார் என்பது வேதபாட வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியம். அன்று பங்கெடுப்பது என்றால் இவ்வளவு தாழ வருவது என்று பார்த்தேன்: கிடைக்காத ஒரு மீனவனின் உடலுக்குப் பதிலாக, அவன் அம்மா தொட்டு அழுவதற்குத் தம்முடைய உடலைக் கொடுத்துவிட்டுக் கிடப்பது. அவன் ஏன் செத்தான் என்பதற்கு அதில் பதில் ஏதும் இல்லை. சிலுவையில் தொங்கியவரும் ஏன் கைவிட்டீர் என்று கேட்டவர்தான். அவருக்கும் வெள்ளிக்கிழமையில் பதில் வரவில்லை. கிறிஸ்தவனுக்குத் துன்பத்தின் பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த ஆசந்தியைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். துன்பம் நல்லது என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. துன்பப்படுகிறவனை விட்டுக் கடவுள் போகவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்தது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரியில் மனிதத் துன்பத்தைப் பற்றி ஒரு திருமடல் எழுதினார். மூன்று வருடத்துக்கு முன் புனித பேதுரு சதுக்கத்தில் குண்டடிபட்டுப் பிழைத்தவர், எனவே கேள்வி அறிவால் மட்டும் எழுதியவர் அல்ல. அதன் கடைசிப் பகுதியில் நல்ல சமாரியனைக் கொண்டுவருகிறார். அடுத்தவரின் துன்பம் நம்மிடமிருந்து அன்பை வெளியே வரவழைக்கிறது என்பது அவர் காட்டும் வழி. பாட்டியின் கஞ்சிச் சட்டியைப் பார்த்தவன் என்பதால் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அன்பு வெளிப்படுவதற்காகவே துன்பம் உலகத்தில் இருக்கிறது என்கிற அளவுக்கு அந்த மடல் போகிறது. அங்கே எனக்கு அவரோடு நடக்க முடியவில்லை. கஞ்சி நல்லது, கஞ்சி புனிதமானது. அதற்காக எங்கள் பையன் போனான் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரிய வெள்ளிக்குப் பிறகு அக்கா தவறாமல் பூசைக்கு வர ஆரம்பித்தாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும் ஒன்று தெரியும். கர்த்தர் கற்பித்த செபத்தில், கடவுளின் விருப்பம் விண்ணில் போல மண்ணிலும் நடக்கட்டும் என்று வேண்டுகிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அன்றன்றைக்கு உணவைக் கேட்கிற இடத்தில் மறுபடி குரல் சேரும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அந்த வார்த்தைகளுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று வேறொன்றைத்தானே கேட்டார்? மத்தேயு எழுதுகிறபடி மூன்று முறை போய்ச் செபித்தார். மனதில் இல்லாததை வாயால் சொல்ல மறுத்துவிட்டு, அப்படியும் கோயிலை விட்டுப் போகாமல் கூட்டத்தின் நடுவில் நின்றாளே, அந்த நேரத்தில் அந்தக் கோயிலில் அதைவிட உண்மையான செபம் வேறு எதுவும் நடக்கவில்லை என்றே நம்புகிறேன். இப்போது சில ஞாயிறுகளில் சொல்கிறாள். சில ஞாயிறுகளில் சொல்வதில்லை.

உயிர்த்தபிறகும் இயேசுவின் கையில் ஆணித் தழும்பு போகவில்லை என்பதை அக்கா அடிக்கடி சொல்வாள். தோமையார் விரலை வைத்துப் பார்க்கக் கேட்டாரே, அந்தத் தழும்பு. சாவையே ஜெயித்தவருக்கு அந்த ஓட்டையை மூடத் தெரியாதா என்பாள். மூட மனமில்லை, அவ்வளவுதான். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவதை இனி நிறுத்தக்கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு அவள் கொடுக்கும் பதில் இது. ஊரில் யாராவது கடலில் போனால் இப்போது முதலில் போகிறவள் அவள். அரிசியும் விறகும் எடுத்துக்கொண்டு போவாள். வாசலில் யாராவது காரணம் சொல்ல ஆரம்பித்தால், கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

இளையவனும் கடலுக்குத்தான் போகிறான். வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை, எங்கள் ஊரில் வேறு என்ன தொழில் இருக்கிறது? கொச்சிக்குக் கிளம்புகிற அன்று அவனை முற்றத்தில் நிறுத்திவைத்துவிட்டு ஸ்ராங்குக்குப் போன் போடுவாள். "போட்டுல சேட்டிலைட் போன் ஏத்தியாச்சா? சார்ஜ் நிக்குதா? போன வாட்டி நீங்க ஏத்தினது வேல செய்யல்லன்னு பையன் சொன்னானே." அவர் சரிபார்த்துச் சொல்லும்வரை விடமாட்டாள். அதற்குப் பிறகுதான் மகனின் நெற்றியில் குருசு வரைந்து அனுப்புவாள்.